ரிவர்ஸ் அண்ணனும் திரும்பி வர முடியாத வேர்ஷனும்

மாத்தளை மாவட்டத்தில் இதுவரை பிறந்தவர்களில், தொட்டிலில் ஏறுவதற்கு முன்பே இறங்குகிற வழியைப் பார்த்துவைத்த ஒரே மனிதர் எங்கள் ரிவர்ஸ் அண்ணன்தான். தம்புள்ளைக்குப் போக வேண்டுமென்றால், தம்புள்ளையிலிருந்து வரும் பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் விசாரிப்பார். செத்த வீட்டுக்குப் போனால் பிணத்தைப் பார்ப்பதற்கு முன், யார் எந்தப் பக்கம் திரும்பிப் போகிறார்கள் என்று பார்ப்பார். அவருடைய பழைய காரை வீதியை நோக்கி மூக்கை நீட்டிய நிலையில் அல்லாமல் வேறெப்படியும் நாங்கள் கண்டதில்லை. பின்பக்கமாக உள்ளே விடுவதற்கு கால் மணி நேரம் எடுப்பார், பின்னால் வருகிற ஓட்டோக்காரர்கள் எல்லாம் அவருடைய பரம்பரையை விசாரிப்பார்கள், அவர் அசைய மாட்டார்.

கேட்டால் அப்பாவைச் சொல்வார். அப்பா தோட்டத்து லொறி டிரைவர். மலை ரோட்டில் ஏறும் முன்பே எங்கே திருப்பலாம் என்று பார்த்துவைக்காதவன் பள்ளத்தில்தான் திருப்புவான் என்பது அவர் மகனுக்கு விட்டுப்போன சொத்து. அந்தச் சொத்தை மகன் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து வைத்ததில்தான் எங்களுக்குச் சனி பிடித்தது.

நாங்கள் என்றால், மாத்தளை, நாவுல, தம்புள்ளைப் பக்கம் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சொப்ட்வெயார் எழுதிப் பிழைக்கிற ஒரு கூட்டம். எல்லாருக்கும் ஒரே டேட்டாபேஸ், அதுவும் இலவசமாகக் கிடைப்பது. பௌர்ணமிப் போயா நாளில் எல்லாருக்கும் லீவு என்பதால் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் கூடுவோம். கீழே பெயின்ட் வாசம், மேலே மீன் அடைத்த மாலு பாணும் ப்ளேன்டீயும். கூட்டத்தின் முக்கால்வாசி நேரம், வந்திருக்கிற புது வேர்ஷனுக்கு மாறுவதா வேண்டாமா என்ற சண்டையிலேயே போய்விடும்.

ஏனென்றால் அந்த டேட்டாபேஸ் வருஷா வருஷம் வளர்கிற சாதி. தம்புள்ளைப் பையன்கள் மரக்கறி லொறிகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள், அவர்களுக்கு எல்லாம் உடனே ஏற்றி உடனே அனுப்ப வேண்டும். புது வேர்ஷன் வந்த அன்றைக்கே போட்டுவிட்டு எங்களைப் பார்த்து, "இன்னும் பழசுலயா இருக்கீங்க" என்று கேட்பார்கள். நாவுலக்காரர்கள் அடுத்தவன் விழுகிறானா என்று பார்த்துவிட்டு நடப்பார்கள். ரிவர்ஸ் அண்ணன் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருப்பார்.

"போறது சரி, திரும்பி வர்றது எப்படி?"

முதலில் சிரித்தோம். பிறகு ஒரு தடவை தம்புள்ளைப் பையன்கள் ஒரு மரக்கறி மொத்த வியாபாரியின் கணினியில் சுடச்சுடப் புது வேர்ஷனைப் போட்டார்கள். அவர்கள் நம்பியிருந்த ஒரு துணைக்கருவி புது வேர்ஷனுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. பில் வரவில்லை. போஞ்சி லொறியில் வாடுகிறது, வியாபாரி சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி ஏசுகிறார். பழைய வேர்ஷனோ, மாற்றிய கோப்புகளைத் தொடவே மாட்டேன் என்கிறது. கடைசியில், அந்த வாரம்தான் ரிவர்ஸ் அண்ணன் நச்சரித்து நச்சரித்து எடுக்கவைத்த ஒரு பேக்கப் பிரதி அவர்கள் மானத்தைக் காப்பாற்றியது.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் வந்தது. யார் வேர்ஷன் மாற்றினாலும், முந்தின போயாவில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு புது வேர்ஷனுக்குப் போய்க்காட்டி, திரும்பி வந்தும் காட்ட வேண்டும். அதன் பெயர் ரிவர்ஸ் ஒத்திகை. தலைவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. திரும்பி வராதவனுக்கு மாலு பாண் கிடையாது.

டேட்டாபேஸும் சும்மா இருக்கவில்லை. முன்பெல்லாம் முழுத் தரவையும் வீடு மாறுவதுபோல வெளியே இறக்கி, புது வேர்ஷனில் மறுபடி ஏற்றுவோம். பிறகு இருந்த இடத்திலேயே சட்டென்று மாற்றுகிற வழி வந்தது. அப்புறம் பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு மெதுவாகத் தாவுகிற வழி வந்தது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஒரு வழியாகப் பழகிக்கொண்டோம், அவரும் தன் ஒத்திகையை அதற்கேற்ப மாற்றினார். ஆனால் கேள்வியை மட்டும் மாற்றவில்லை.

இந்த மனிதரைத்தான் எங்கள் கூட்டத்தின் கெட்டிக்காரி ஸ்டெல்லா காதலித்துத் தொலைத்தாள். இவர் எழுதின சொப்ட்வெயாரில் பிழை கண்டுபிடிக்கிற தைரியம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் வீட்டில் எப்போது சம்மதித்தார்களோ தெரியாது, இவர் மட்டும் "பார்ப்போம், அவசரமில்லை" என்று வருஷங்களை ஓட்டினார். மாதா கோயில் பாதர் கேட்டார், பார்ப்போம். ஸ்டெல்லாவின் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டார், அதற்கும் பார்ப்போம். ஒரு வழியாகத் திகதி குறித்தார்கள். எங்களுக்கென்றால் நம்பிக்கையே இல்லை. ஸ்டெல்லாவும் ஒருநாள் என்னிடம், "இந்த மனுஷன் கோயிலுக்கு வருவாரா, இல்ல கல்யாணத்துக்கும் ஒத்திகை கேப்பாரா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் டீயைக் குடிக்காமல் ஆறவிட்டாள்.

இப்போது அந்த மண்டபக் கதைக்கு வருகிறேன். டவுனில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் சொப்ட்வெயார் செய்துகொடுத்தது ஸ்டெல்லாவும் ரிவர்ஸ் அண்ணனும் நானும்தான். ஒருநாள் அந்த மண்டப வாசலில் ஒரு கல்யாணக் கூட்டமும் பிள்ளை பெரியவளானதற்கு வந்த ஒரு சாமத்திய வீட்டுக் கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. இரண்டு சமையல்காரர்களும் ஆளுக்கொரு கிடாரத்தோடு ஒரே அடுப்புக்கு அடிபட்டார்கள். இரண்டு பக்கத்து நாதஸ்வரமும் சேர்ந்து வாசித்ததில் மணப்பெண் அழுதாள், சாமத்தியப் பிள்ளை சிரித்தாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கம்ப்யூட்டரைக் கிணற்றில் போட்டுவிடுவேன் என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

நல்ல காலம், அந்த வருஷத்துப் புது வேர்ஷனில் இதற்கு மருந்து இருந்தது. ஒரே மண்டபத்தை ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குக் கொடுக்காதே என்று ஒரு வரியில் சொல்லிவைத்தால், டேட்டாபேஸே காவல் நிற்கும். ஒத்திகை முந்தின போயாவில் முடிந்துவிட்டது, போனோம், வந்தோம், மாலு பாண் சாப்பிட்டோம். அடுத்த போயாவில் நிஜமான மாற்றம். வேர்ஷன் சுகமாக மாறியது. ஸ்டெல்லா அந்தக் காவல் வரியை அடித்தாள். சுவரில் விழுந்த திரையை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டேட்டாபேஸ் முடியாது என்றது. ஏற்கெனவே ஒரு நாளில் இரண்டு புக்கிங் மோதுகிறதாம், ஒன்றை எடுத்தால்தான் காவலுக்கு நிற்குமாம். எது என்று பார்த்தால், அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை. முதலாவது, ஸ்டெல்லாவின் கல்யாணம். இரண்டாவது, அதே மண்டபம், அதே நேரம், 'டிவலப்பர்மார் ஒன்றுகூடல்'. பதிந்தவர் பெயர், கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அப்படியொரு ஒன்றுகூடல் எங்கள் யாருக்கும் தெரியாது. எப்போதும் வாயாடுகிற தம்புள்ளைப் பையன்கள்கூடத் தரையைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். கட்டிக்கொள்ளப் போகிறவளின் கண்முன்னே தப்பிக்கும் வழி வைத்தவனை வேறென்ன செய்வது? ஸ்டெல்லா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"வரமாட்டீங்களா?" என்றாள்.

ரிவர்ஸ் அண்ணன் எழுந்து நின்றார். கதவைப் பார்ப்பார் என்று நினைத்தோம், பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"நான் வருவேன். நீ வரலைன்னா?" என்றார். "எத்தன வருஷம் இழுத்தடிச்சிட்டேன், உனக்கு மனசு மாறியிருந்தா நான் என்ன சொல்ல முடியும்? அன்னைக்கு வீட்ல தனியா உக்காந்திருக்க என்னால ஏலாது. சோறு ஆக்கியிருப்பாங்க, இவனுங்க எல்லாரும் பக்கத்துல இருப்பானுங்கன்னுதான் போட்டு வச்சேன்."

இத்தனை வருஷமாக இந்த மனிதர் ஓடுவதற்கு வழி பார்க்கிறார் என்று நினைத்தோமே, விட்டுப்போய்விடுவார்களோ என்று பயந்துகொண்டல்லவா இருந்திருக்கிறார்.

ஸ்டெல்லா நாற்காலியிலிருந்து எழுந்து, அதை அவர் பக்கம் தள்ளினாள்.

"நான் வருவேன். அழிங்க."

அவர் வந்து உட்கார்ந்தார். விரலை வைத்தவர் சற்றுத் தயங்கி, பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தார்.

"பேக்கப் எடுத்தியா?"

"எடுக்கல," என்றாள் ஸ்டெல்லா.

எங்கள் ஒன்றுகூடலை அவரே அழித்தார். காவல் வரியையும் அவரே திரும்ப அடித்தார், டேட்டாபேஸ் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு மாலு பாணை முதலில் அவருக்குத்தான் கொடுத்தோம். ஸ்டெல்லா எங்கேயாவது பேக்கப் எடுக்காமல் இருப்பாளா? காலையிலேயே எடுத்து என்னிடமும் ஒரு பிரதி தந்திருந்தாள். அதை இன்றுவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அவருக்குச் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

கல்யாணத்தன்று மாதா கோயிலுக்கு நாங்கள் நேரத்தோடு போனோம். மாப்பிள்ளை எங்களுக்கும் முன்னால் வந்து, வேர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றார். அவருடைய கார் கோயில் சுவரை முட்டிக்கொண்டு, மூக்கு உள்ளே, முதுகு வீதிக்கு, நேரே உள்ளே விட்டபடி நின்றது. பூசை முடிந்து வெளியே வந்தால், பின்னாலும் பக்கத்திலும் வேன்கள். எடுக்க வழியே இல்லை. புதுப் பெண்ணை உள்ளே உட்காரவைத்து, வேன்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, தம்புள்ளைப் பையன்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அந்தக் காரைப் பின்னுக்குத் தள்ளினோம். நல்ல சட்டையெல்லாம் அழுக்கு. இன்னொரு தடவை தள்ளச் சொன்னாலும் தள்ளுவேன்.