சின்ன விசாரணை

“சின்ன விசாரணை ஒண்டு இருக்கு. ஐயாவை ஒருக்கா ஸ்டேசனுக்கு வரச்சொல்லுங்கோ.”

இரண்டு பொலிஸ்காரர் படலையடியில் நின்று இதைச் சொன்னபோது, அந்த ஐயாவாகிய மயில்வாகனம் குசினிக் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

“அவர் யாழ்ப்பாணம் போட்டார்” என்றாள் அவருடைய பெண்சாதி சிவனேஸ்வரி. யோசித்துச் சொன்ன பொய் அல்ல. காக்கிச் சட்டை வந்து புருசனைக் கேட்டால் விசுவமடுப் பெண்களின் வாயில் தானாக வருகிற பொய். வந்தவுடனே அனுப்பச் சொல்லிவிட்டு அவர்கள் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

எதற்கு விசாரணை என்று அவள் கேட்கவில்லை. சண்டை முடிந்த கையோடு மயில்வாகனத்தின் தமையனையும் சின்ன விசாரணை என்று சொல்லித்தான் சரணடைந்து நின்ற சனத்தின் வரிசையிலிருந்து ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சின்ன விசாரணை இன்னும் முடியவில்லை.

வயலில் நெல் முற்றி அரிவெட்டுக்கு நிற்கிறது. இந்த நேரம் பிடித்துக்கொண்டு போனால் வெட்டுகிறது யார்? போனவர் திரும்பி வராவிட்டால் சிவனேஸ்வரியின் கதி என்ன?

தான் செய்த குற்றங்களை அவர் மனதுக்குள் தேடினார். போன மாதம் பொது மண்டபத்தில் பொலிஸ் ஒரு கூட்டம் வைத்தது. ஊர்ச் சனம் முழுக்க நேரத்தோடு வந்து பின் கதிரைகளைப் பிடித்துக்கொண்டது. பிந்திப் போன மயில்வாகனத்துக்கு முன் வரிசைதான் மிச்சம். ஸ்டேசன் பொறுப்பதிகாரிக்கு நேர் முன்னால் தனியாக இருந்தவர், பயத்தில் கையை முழங்காலிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லாரும் கை தட்டியபோதும் தட்டவில்லை. அது குற்றமாகுமோ?

பிறகுதான் பனை ஞாபகம் வந்தது. மாட்டுக் கொட்டிலுக்கு மரம் வேண்டும் என்று வளவில் நின்ற பனை ஒன்றைத் தறித்திருந்தார். சொந்தப் பனைதான். ஆனால் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும், அவர் எடுக்கவில்லை. துண்டுகள் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் கிடக்கின்றன. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

தர்மபுரத்திலிருந்து சிவனேஸ்வரியின் தம்பி கிருபன் ஓடிவந்தான். குடும்பத்துக்குள் அவன்தான் சட்டம் தெரிந்தவன். குற்றம் சாட்டப்பட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வீடியோவைப் போனில் பாதிவரை பார்த்திருந்தான். மிச்சத்துக்கு டேட்டா போதவில்லை.

“சாட்சியம் இல்லாட்டி வழக்கு இல்லை, அத்தான்” என்றான்.

பனை எப்படிச் சாட்சியமாகாமல் போகும் என்று மயில்வாகனம் கேட்டார். மண்ணுக்குள் தாட்டுவிட்டால் போகும் என்றான் அவன். அந்தப் பின்னேரமே இரண்டு பேரும் அலவாங்கும் மண்வெட்டியுமாகக் கோடிக்குள் கிடங்கு வெட்டி, பனந்துண்டுகளை உருட்டித் தள்ளி மண்ணைப் போட்டு மிதித்தார்கள்.

விசுவமடுவில் ஒருவன் தென்னம்பிள்ளை வைப்பதென்றாலும் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் கிடங்கு வெட்டவேண்டும். இல்லையென்றால் சண்டைக்காலத்தில் இயக்கம் தாட்ட தங்கத்தைத் தோண்டுகிறான் என்று கதை கிளம்பிவிடும். அதுவும் யாழ்ப்பாணம் போய்விட்டதாகப் பெண்சாதி சொல்லுகிற மனுசன், வீட்டுக்குப் பின்னால் வேர்த்து ஒழுக மண்வெட்டியோடு நின்றால்? பக்கத்து வளவு அமராவதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பார்த்தது மட்டுந்தான் அவள் செய்தது என்று பிறகு சத்தியம் பண்ணினாள்.

பொழுது படுவதற்குள் வேலியடியில் சனம் கூடிவிட்டது. உதவி செய்யலாம் என்று இரண்டு பேர் தங்கள் அலவாங்கோடேயே வந்திருந்தார்கள். எடுத்த தங்கத்தில் கோயில் தேர்த் திருப்பணிக்கு ஒரு பங்கு ஒதுக்கினால் அம்மாள் காப்பாற்றுவாள் என்றார் கோயில் தலைவர்.

கிணறு வெட்டப் பூதம் வந்த கதையாகிவிட்டது. தங்கம் தோண்டுகிறது பனை தறிக்கிறதைவிடப் பெரிய குற்றம் என்று கிருபனே இப்போது சொன்னான். தங்கம் இல்லை என்று காட்டக் கிடங்கைத் திறக்கவேண்டும். திறந்தால் பனை கிடக்கும். மயில்வாகனம் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அடுத்த நாள் காலமை கிளிநொச்சியில் தேனுகா என்ற இளம் சட்டத்தரணிக்கு முன்னால் போய் இருந்தார். கேள்விகள் அவருக்குள் நெல்லு மூட்டை அவிழ்ந்த மாதிரிக் கொட்டின. அடிப்பார்களா? பெண்சாதியைப் பார்க்க விடுவார்களா? தானாகவே ஒத்துக்கொண்டால் தண்டனை குறையுமா? பிணைக்கு எத்தனை பேர் வேண்டும்?

அவள் பொறுமையாகச் சொன்னாள். பெயரையும் விலாசத்தையும் சொல்லவேண்டும். குற்றத்தைப் பற்றிக் கேட்டால் சட்டத்தரணியோடு கதைக்காமல் பதில் சொல்லமாட்டேன் என்று சொல்லலாம். வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைக்கக்கூடாது. பிணை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

“அதுசரி ஐயா, உங்களை எதுக்குக் கூப்பிட்டவை?”

மயில்வாகனம் பிணைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று திரும்பவும் கேட்டார்.

“அதைக் கேக்கேல்லையோ?”

“கேட்டாச் சொல்லிப்போடுவினமே, மிஸ்.”

தேனுகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். போனவுடனே முதலில் அதைத்தான் கேட்கவேண்டும், அது உங்கள் உரிமை என்றாள். மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு கேள்விதான் அவரை நடுங்க வைத்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது சிவனேஸ்வரி அவருக்குப் பை கட்டிவைத்திருந்தாள். உடுக்க இரண்டு சாரம், துவாய், பிரஷர் குளிசை, அவருக்குப் பிடித்த எள்ளுருண்டை. திருநீறு பூசிவிட்டாள். “வந்திடுவியள்தானே?” என்றாள். அவர் பையை வாங்கிக்கொண்டார். கிருபன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் ஸ்டேசனுக்கு நூறு முழம் இருக்கும்போதே இறக்கிவிட்டு, வெளியில் நின்று வழக்கைப் பார்ப்பதாகச் சொன்னான்.

உள்ளே அவருக்குக் கதிரை கொடுத்தார்கள். பெயர் கேட்டார்கள், சொன்னார். விலாசம் கேட்டார்கள், சொன்னார். பொறுப்பதிகாரி சிங்களத்தில் கதைக்க, ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் அதைத் தமிழில் சொன்னான். ஊரில் நெல்லு எப்படி என்று கேட்டார்கள். மயில்வாகனம் வாயைத் திறக்கவில்லை. பையில் என்ன என்று கேட்டார்கள். அதற்கும் பேசவில்லை. பிளேன்ரீ வந்தது. அதைக் குடித்தால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடுமோ என்று யோசித்துக் குடிக்கவில்லை.

பொறுப்பதிகாரி கான்ஸ்டபிளைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். தமையன் வரிசையை விட்டு விலகும்போது திரும்பிப் பார்த்த பார்வை மயில்வாகனத்தின் கண்ணுக்கு முன்னால் வந்தது. அண்ணை இந்தக் கேள்வியைக் கேட்டானோ இல்லையோ, தெரியாது. பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒருபடியாகக் கேட்டார்.

“என்னை எதுக்குக் கூப்பிட்டனீங்கள்?”

பொறுப்பதிகாரி நெடுகச் சொன்னார். கான்ஸ்டபிள் பணிவாக அவர் பக்கம் குனிந்தான்.

“அண்டைக்குக் கூட்டத்தில பொலிசுக்குப் பயமில்லாமல் முன்னுக்கு இருந்தது நீங்கள் ஒருத்தர்தான், அதாலை ஊர்ப் பாதுகாப்புக் குழுவுக்கு உங்களைத் தலைவராப் போட்டிருக்கிறார்; உங்கட ஊரில ஆரோ களவாப் பனை தறிக்கினமாம், நேற்று ஆரோ தங்கமும் தோண்டினவையாம், ஒருத்தரும் பேர் சொல்லமாட்டினமாம், அதுதான் ஐயா சின்ன விசாரணை ஒண்டு, செய்யப்போறது நீங்கள்தான்.”