கோட்டைக்குப் போன டிகாஷன்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த ஒரே வேலை, கும்பகோணத்துலேர்ந்து வந்திருந்த மாமனாருக்கு ராஜஸ்தான் பக்கம் ஒரு மலைக்கோட்டையைக் காட்டறது.

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர்கிட்ட நல்ல பேர் வாங்க முக்கிட்டிருக்கேன். "டெல்லி சகவாசம், எப்படியோ என்னவோ"ன்னு அவருக்கு என் மேல எப்பவும் ஒரு சந்தேகம். இந்த ட்ரிப்போட அதைத் துடைச்சிடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

மாமா ஒரே நிபந்தனைதான் போட்டார். "எங்க வேணா போலாம் மாப்பிள்ளை. மத்தியானம் மூணு மணிக்குக் காபி வேணும். இந்த ஊர் இஞ்சி டீத் தண்ணியெல்லாம் எனக்கு ஆகாது."

டெல்லி லக்ஷ்மிபாய் நகர்ல எங்க குவார்ட்டர்ஸ்ல விடியறதுக்குள்ள டிகாஷன் இறங்கியாச்சு. ஃபிளாஸ்க்கை எடுத்தா மூடியில வாஷரைக் காணோம்!

"பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்தட்டுமா?"ன்னு கேட்டேன்.

"வாடை அடிக்கும். அப்பா வாயில வைக்க மாட்டார்"னா என் மனைவி சுதா.

நான்தான் புத்திசாலியாச்சே! ஸ்டூல் போட்டு ஏறி, பரண்ல அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி கையை விட்டு ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்தேன். இறுக்கமான மூடி. தலைகீழா கவுத்தாலும் சொட்டாது.

சுதா முறைச்சா. "ஏங்க, இது ரம் பாட்டில்!"

"எதிர் வீட்டு மேஜர் மணி பிளான்ட் வைக்கக் குடுத்தது"ன்னேன், கண் சிமிட்டாம.

மாமா ஹால்ல, பரணுக்கு நேர் எதிர்ல பேப்பர் படிச்சிட்டிருந்தார். காதுல விழுந்த மாதிரி தெரியலை.

பாட்டிலை வெந்நீர்ல கழுவி லேபிளைச் சுரண்டினேன். பாதிதான் வந்தது. வரவேண்டிய பாதி வரலை.

ஹைவே தாண்டி ஆரவல்லி மலை ஆரம்பிச்சது. பின் சீட்ல என் பொண்ணு நிலாவோட இருந்த சுதா "எவ்வளவு அழகு!"ன்னா. என் கண்ணு ரோட்டுல, என் மனசு பாட்டில்ல. ஒவ்வொரு வளைவுக்கும் அது சீட்டுக்கடியில உருண்டுது.

ஒரு பள்ளத்தாக்கு பக்கத்துல மாமா, "ஒரு வாய் இப்பவே கிடைக்குமா?"ன்னார். ரோட்டோர தாபால சூடா பால் வாங்கி, கார் பானெட் மேல டம்ளரை வச்சு பாட்டிலைக் கவுத்தேன். கறுப்பா, பளபளன்னு இறங்கிச்சு.

ஜீப்ல போன நாலு பசங்க கத்தினாங்க. "சியர்ஸ் அங்கிள்!"

"யார் மாப்பிள்ளை? தெரிஞ்சவங்களா?"ன்னார் மாமா.

"டெல்லி பசங்க மாமா. மரியாதையான பசங்க."

கோட்டை வாசலுக்கு வந்தோம். யானையே மோதினாலும் அசையாத கதவு, பூரா முள் ஆணி. எந்த ராஜாவுக்குப் பயந்து அடிச்சானோ தெரியாது, மாட்டினது நான்தான்.

செக்யூரிட்டி பையைத் திறந்தான். பாட்டிலைத் தலைக்கு மேல தூக்கினான், கியூவுக்கே தெரியற மாதிரி.

"யே க்யா ஹை, சாப்?" இது என்னன்னு கேட்கறான்.

"காபி ஹை, பையா."

"சப் யஹீ போல்தே ஹை." எல்லாரும் இதைத்தான் சொல்றாங்களாம்! என் வாழ்க்கையில நான் உண்மை பேசின ஒரு நாள், அதுவும் எடுபடலை.

நிலாவுக்கு ஒன்பது வயசு. தமிழ் தடுமாறும், ஹிந்தி மட்டும் கொட்டும். அப்பாவைக் காப்பாத்த முன்னாடி வந்தா.

"அங்கிள், பாப்பா ரோஜ் பீதே ஹை! சுபஹ் பீ, ஷாம் கோ பீ!" அப்பா தினமும் குடிப்பார், காலையிலயும் சாயந்திரமும்!

கியூல ஒரு அம்மா "ச்ச்ச்"சுன்னு சுதாவைப் பரிதாபமா பார்த்தாங்க. சுதா தலையைக் குனிஞ்சுகிட்டா. எனக்கு அழுகையே வந்துடும்போல இருந்தது.

சூப்பர்வைசர் வந்தார். மோந்து பார்த்தார். நம்பாம மூடியில ஊத்தி, பால் இல்லாம, சர்க்கரை இல்லாம, ஒரே மடக்கு!

முகம் அஷ்டகோணலாச்சு. "சீ! தவாயி ஹை க்யா?" மருந்தான்னு கேட்கறார்.

அவ்வளவுதான், மாமாவுக்கு வந்ததே கோபம்! "யாருய்யா மருந்துங்கறது? பீபரி கொட்டை, அளவா சிக்கரி, நானே நின்னு இறக்கின ஃபர்ஸ்ட் டிகாஷன்! மாப்பிள்ளை, இதை அவனுக்கு ஹிந்தியில சொல்லுங்க!"

சொன்னேன். சூப்பர்வைசர் ரெண்டு கையாலயும் பாட்டிலைத் திருப்பிக் குடுத்துட்டுத் தண்ணி தேடிப் போயிட்டார்.

ஜெயிச்சாச்சு! மாமா எனக்காகச் சண்டை போட்டிருக்கார்! நெஞ்சை நிமிர்த்திட்டு மேல ஏறினேன். அங்க கேன்டீன்ல பால் வாங்கிக் கலந்து, சரியா மூணு மணிக்கு அவர் கையில குடுத்தேன்.

ஒரு வாய் குடிச்சார். "பேஷ்"னார். நான் இத்தனை வருஷமா காத்திருந்த வார்த்தை!

அப்புறம் பாட்டிலை எடுத்து, அந்தப் பாதி லேபிளைக் கண்ணாடி போட்டுப் படிச்சார்.

"மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். பரண்ல, இருட்டுல, அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி மணி பிளான்ட் எப்படி வளருது?"

அப்பதான் அந்த மலையெல்லாம் எவ்வளவு அழகுன்னு எனக்குத் தெரிஞ்சது. ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டிருந்தேன்.

டெல்லி வந்ததும் முதல் வேலையா ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் ஃபிளாஸ்குக்கு வாஷர் வாங்கிட்டேன்.