முரண்பாடு அளந்த இராஜாங்கம்

"லீவு எழுதிக் குடுத்தீங்களா இல்லையா?"

சோற்றில் ரசத்தை ஊற்றியபடியே சௌந்தரநாயகி கேட்டாள். இராஜாங்கம் அப்பளத்தை நொறுக்கினான். பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் அவன் அப்பளத்தைத்தான் நொறுக்குவான்.

"திங்கக்கிழமை பரீட்சை தொடங்குது. காலை ரயிலைப் பிடிச்சாதான் தஞ்சாவூர்ல ஹாலுக்குள்ள விடுவாங்க. பாப்பாவை யாரு பாத்துக்கிறது?"

"அடுத்த வருஷம் எழுதேன், நாயகி. பி.ஏ. எங்க ஓடிப்போகப் போகுது?"

"இதையேதான் போன வருஷமும் சொன்னீங்க. இந்தத் தடவை எழுதலைன்னா என் பேரையே எடுத்துடுவாங்க. அப்புறம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"எனக்கு ஆய்வு இருக்கே. அதை யாரு எழுதுவா?"

இராஜாங்கம் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. தபாலில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தான். பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று போட்டுவிட்டால் தாசில்தாரே நாற்காலியை நகர்த்திக் கொடுப்பார் என்பது அவன் நம்பிக்கை. அதற்காக அவன் எழுதவேண்டிய ஆய்வின் தலைப்பு: 'வேலை, கல்வி, குடும்ப வாழ்க்கை ஆகியவற்றிடையே எழும் முரண்பாட்டை அளவிடுதல்.' இந்த முரண்பாட்டை அளப்பதற்காக அவன் வீடு தங்காமல் அலைந்ததில், பெற்ற பிள்ளை அவனை 'மாமா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது.

சௌந்தரநாயகி ரசப் பாத்திரத்தை மூடினாள். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மோர் எடுக்கப் போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமாக முடிந்ததில் இராஜாங்கத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஊராரைக் கேட்டு நிரப்ப வைத்திருந்த ஆய்வுக் கேள்வித்தாள்களில் ஒன்றைத் தன் வீட்டுக்கென்று எடுத்து, 'குடும்பத்தில் முரண்பாடு' என்ற இடத்தில் 'ஒருபோதும் இல்லை' என்று எழுதினான்.

அன்று சாயங்காலமே கேள்வித்தாள் கட்டோடு வாய்க்கால் கரைக்குப் போனான். களையெடுத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்த காளியம்மாளை மறித்தான்.

"வேலை காரணமாக் குடும்பத்தோட இருக்கிற நேரம் குறையுதா? எப்போதும், அடிக்கடி, சில நேரம், ஒருபோதும் இல்லை. இதுல ஒண்ணைச் சொல்லு."

"இதைக் கேக்கவா இம்மாந்தூரம் வந்தீங்க? வீட்டுல அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு அவள் நடையைக் கட்டினாள். அன்று வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஊரே நின்றது.

"எம் பேரை எழுதிக்குங்க சார்!" என்று முன்னால் வந்தான் பக்கிரி. பண்ணையார் நிலத்தைப் பரம்பரையாகப் பயிர் செய்கிறவன் அவன்.

அந்த வட்டாரத்தில் இது சாதாரண விஷயமில்லை. கட்சி இரண்டாகி, ஆட்சியும் கை மாறியாயிற்று. உழுகிறவனைப் பற்றி மேடையில் கண்ணீர் விடாத தலைவர் பாக்கியில்லை. ஆனால் உழுகிறவன் பெயரைக் குத்தகைப் பதிவில் ஏற்றுவதற்கு மட்டும் யாருக்கும் கை வரவில்லை. பெயர் ஏறிவிட்டால் பண்ணையார் அவனை வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் நாளைக்கே வெளியேற்றலாம். அப்படிப்பட்ட ஊரில் தாலுகா ஆபீஸ் ஆள் காகிதத்தோடு வந்து 'எவ்வளவு நேரம் உழைக்கிறே?' என்று கேட்டால் என்ன அர்த்தம்?

"இது குத்தகைக் கணக்கு இல்ல பக்கிரி. என் படிப்புக்கு."

"புரியுதுங்க. ரகசியமா வச்சுக்கிறோம்" என்று பக்கிரி கண்ணைச் சிமிட்டினான். "எழுதுங்க. ராவு பகலா வயல்லதான் கெடக்குறேன். குடும்பத்தைத் திரும்பிப் பாக்க நேரமே இல்ல. எப்போதும்!"

"பிள்ளைங்க எத்தனை?"

"ஆறுங்க."

"நேரமே இல்லைன்னியே?"

"பகல்ல இல்லைங்க."

ஒவ்வொருவரும் ஒரு பூசணிக்காயோ கத்திரிக்காயோ வைத்துவிட்டு 'எப்போதும்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரில் ஒரு பயல்கூட 'சில நேரம்' என்று சொல்லத் தயாராக இல்லை. இப்படி எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் எதை அளப்பது? இராஜாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

தப்பித்தால் போதும் என்று சைக்கிளை எடுத்து ஆபீசுக்கு விரைந்தான். கூட்டமும் பின்னாலேயே வந்து தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கம் காரில் வந்த பண்ணையார் தன் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் பார்த்தார். பார்த்த வேகத்தில் தாசில்தார் அறைக்குள் நுழைந்தார்.

பண்ணையார் போன பிறகு தாசில்தார் கூப்பிட்டனுப்பினார்.

"என்னய்யா இராஜாங்கம், எனக்குத் தெரியாம குத்தகைக் கணக்கு எடுக்கிறியா?"

"இல்லை சார். முரண்பாட்டை அளக்குறேன்."

"அளந்தது போதும். ஊர்ல தமுக்கு அடிச்சு இல்லைன்னு சொல்லு."

தமுக்கு அடிக்கப்பட்டது. 'இராஜாங்கம் சார் எழுதுறது குத்தகைக் கணக்கு இல்லை' என்று தெருத்தெருவாகக் கூவப்பட்டது. அதோடு பக்கத்து ஊர்க்காரர்களும் கிளம்பி வந்துவிட்டார்கள்.

"அரசாங்கம் இல்லைன்னு தமுக்கடிச்சுச் சொன்னா, இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள் காளியம்மாள்.

"இந்தக் கூத்து அடங்குற வரைக்கும் நீ ஆபீஸ் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் தாசில்தார். "லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்டுல கெட."

தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தான். அங்கே திண்டாட்டம் வேறு மாதிரி காத்திருந்தது.

"இந்தச் சந்தைக்கடையில என்னால குடியிருக்க முடியாது" என்றாள் சௌந்தரநாயகி. "பகல்ல பூதலூர்ல அக்கா வீட்டுல இருந்துட்டு, பொழுது சாயத்தான் வருவேன்."

"பாப்பா?"

"கூட்டம் உங்களது. பிள்ளையும் உங்களது. பாத்துக்குங்க."

மறுநாள் விடியற்காலையில் தலைவாரிப் பொட்டு வைத்து, துணிப்பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டாள். அவள் கோபம் தணிய நாளாகும் என்று இராஜாங்கம் கணக்குப் போட்டான். பரீட்சை என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. இருந்த அமளியில் அவனுக்கும் அது நினைவில் இல்லை.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாட்டை நாய்கூடப் படாது. சோறு வைத்தால் குழைந்தது. குழையாமல் வைத்தால் அடிப்பிடித்தது. பாப்பாவுக்குச் சோறூட்டப் போனால் வாசலில் 'சார்' என்று குரல் கேட்டது. வாசலுக்குப் போனால் உள்ளே ஏதோ உடையும் சத்தம் கேட்டது. ஒரு மத்தியானம் அவன் கண்ணயர்ந்த நேரத்தில் பாப்பா கேள்வித்தாள் கட்டின் மேல் உட்கார்ந்து ஒன்றுக்குப் போய்விட்டது. பக்கிரியின் 'எப்போதும்', பண்ணை ஆட்களின் 'எப்போதும்' எல்லாம் ஊறிக் கரைந்து ஒரே நீல மசியாக ஓடின.

"பிள்ளைக்கு மொதல்ல சட்டையை மாத்துங்க சார், காகிதத்தை அப்புறம் காய வைக்கலாம்" என்று வாசலில் இருந்து அதட்டினாள் காளியம்மாள்.

இராஜாங்கத்துக்கு அழுகை வந்தது. 'இவ எப்படித்தான் தினமும் இதைச் செய்யிறா?' என்று மனைவியை நினைத்துக்கொண்டான். இந்தக் கேள்வி தன் ஆய்வில் எங்கேயும் இல்லையே என்று அவனுக்குத் தோன்றவில்லை. எம்.ஏ. படிப்பு அந்த அளவுக்கு முன்னேறியிருந்தது.

ஒருநாள் தாசில்தாரிடமிருந்து ஆள் வந்தது: ஊர் அடங்கிவிட்டது போலிருக்கிறது, வேலைக்கு வரலாம். உயிர் வந்தவனாகச் சட்டையை மாட்டினான். பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அக்கா வீட்டில் மனைவியிடம் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தெருவில் இறங்கினான். காலடி எடுத்து வைத்ததுதான் தாமதம்.

"சாரு ஆபீசுக்குக் கிளம்பிட்டாரு! எல்லாரும் வாங்கடா!" என்று பக்கிரி கூவினான். வாய்க்கால் கரையில் குந்தியிருந்த கூட்டம் முழுவதும் எழுந்து வந்து வழியை அடைத்துக்கொண்டது. ஒரு பாதி அவனுக்கு முன்னாலேயே போய் வேப்பமரத்தடியில் இடம் பிடித்தது. அரை மணியில் தாசில்தாரிடமிருந்து மறுபடியும் ஆள் வந்தது: இன்னும் ஒரு வாரம் லீவு.

அன்று பொழுது சாய்ந்ததும் பண்ணையாரே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இராஜாங்கம், எல்லார் பேரையும் எழுதுறியாமே. எம் பேரையும் எழுதிக்கப்பா. அந்த நிலத்துல நானேதான் ஏர் பிடிக்கிறேன்."

அவர் நீட்டிய கை வெண்ணெய்த் திரளாக இருந்தது. மறுத்துப் பேசும் தெம்பு இராஜாங்கத்துக்கு இல்லை. பழக்க தோஷத்தில் கேள்வியைக் கேட்டான்.

"வேலையால குடும்பத்துக்கு நேரம் குறையுதுங்களா?"

பண்ணையார் யோசித்தார். "எந்தக் குடும்பத்தைக் கேக்குறே?"

லீவு முடிவதற்குள் பாப்பா அவனை 'அப்பா' என்று கூப்பிடப் பழகியிருந்தது. சோறும் பதமாக வேகத் தொடங்கியிருந்தது. ஒரு சாயங்காலம் சௌந்தரநாயகி தலை நிறையப் பூவோடு, வாய் நிறையச் சிரிப்போடு வந்தாள். கோபம் தணிந்துவிட்டது, எல்லாம் தான் பொறுமையாக இருந்ததன் பலன் என்று இராஜாங்கம் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் கதவைத் திறந்தான். வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. வாய்க்கால் கரையிலும் ஆள் இல்லை. பக்கிரி மட்டும் தோளில் மண்வெட்டியோடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தான். இத்தனை நாள் விரட்டியும் போகாத கூட்டம் இன்று வராதது இராஜாங்கத்துக்கு என்னவோபோல் இருந்தது.

"என்ன பக்கிரி, ஒருத்தரையும் காணோம்? பேரு எழுதிக்க வரலையா?"

பக்கிரி நின்றான்.

"இனிமே எதுக்குங்க சார் வரணும்? நம்ம அம்மாவுக்குத்தான் நேத்தோட பரீட்சை முடிஞ்சிருச்சே!"