கடல்பாசிக் கம்பவுண்டர்

எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஊசிக்குப் பயந்த கம்பவுண்டர் அவர் ஒருவர்தான். போட்டுக்கொள்ள அல்ல, போட. சாந்தன்பாறைக்கு மேலே நாங்கள் வேலை பார்த்த ஏல எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில், ஊசிக்குக் கை நீட்டியவர்கள்தான் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். "ஒண்ணுமில்லய்யா, எறும்பு கடிச்சாப்புலதான் இருந்துச்சு" என்று காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே ஒருவர் சொல்வார். கம்பவுண்டர் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ஸ்டோர் கிளார்க். இருவருக்கும் கல்யாணமாகவில்லை என்று ஒரே குவார்ட்டர்ஸில் போட்டிருந்தார்கள். அவர் திருநெல்வேலிப் பக்கம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவருக்கு நான் 'ஸ்டோரு'. மற்ற எல்லோருக்கும் அவர் கடல்பாசிக் கம்பவுண்டர்.

அந்தப் பெயர் வரக் காரணம் பாக்கியம். கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்த அவள் ஏலக்காய் எடுக்கிறவள். முப்பது வயதிருக்கும். கடுமையான சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் போட்டால்தான் உயிர். அதற்காகத் தினமும் இரண்டு தடவை அந்தச் செங்குத்துப் பாதையில் ஏறி வருவாள். மழைக்காலத்தில் அட்டை கடித்த ரத்தம் காலில் வழிய நிற்பாள். அவள் கையில் ஊசி படாத இடம் தேடுவதற்குள் அண்ணாச்சிக்கு நாக்கு வறண்டுவிடும்.

ஒருநாள், டாக்டர் படித்துவிட்டுப் போட்ட ஒரு வைத்தியப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கே வந்துவிட்டார்.

"வே ஸ்டோரு, வாரத்துக்கு ஒரே ஊசி. வழி இருக்குவே. தண்ணியப் பிடிச்சு வச்சிருக்க ஜெல்லிக்குள்ள மருந்த வச்சுத் தோலுக்கு அடியில விட்டா, கொஞ்சங்கொஞ்சமாக் கசியுமாம். வெளிநாட்டுல முயற்சி பண்ணுதானுவ."

"மாத்திரையாக் குடுத்துட்டா என்ன அண்ணாச்சி?"

"இன்சுலினு புரதம்வே. முழுங்குனா, வயிறு அதையும் கறிய மாதிரி செரிச்சிரும்."

அன்றிலிருந்து போடிக்குப் போகிற எல்லோரும் அவருக்குக் கடல்பாசி வாங்கிவர வேண்டியதாயிற்று. இன்சுலினை வீணாக்க மனம் வரவில்லை. அதுவும் புரதம்தானே என்று முட்டையின் வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டார். கடல்பாசியைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் வெள்ளைக்கருவைக் கலந்து உறையவிடுவார். துண்டு போட்டுக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுவைத்து, மணிக்கொரு தடவை அந்தத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சூடாக்குவார். மூத்திரத்தில் புரதம் பார்க்கிற அதே முறைதான். தண்ணீர் கலங்கினால் புரதம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைக்கரு எல்லாம் விஞ்ஞானத்துக்குப் போனதால், எட்டு மாதம் நான் மஞ்சள்கருவிலேயே உயிர் வாழ்ந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தவர், மேசையில் ஜெல்லித் துண்டுகள் இருந்த தட்டைப் பார்த்து உரிமையோடு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிப்பு பத்தலையே கம்பவுண்டர்."

"அது மூணு மணிக்குப் பாக்க வேண்டிய துண்டு சார்" என்றார் அண்ணாச்சி, அழாத குறையாக.

முதலில் அத்தனையும் ஒரு மணி நேரத்தில் கசிந்தது. ஜெல்லியைக் கெட்டியாக்கினால் எதுவுமே வெளியே வரவில்லை. கடைசியில் ஒரு துண்டு, காலையில் தொடங்கி மாலைவரை சீராகக் கசிந்தது. அவர் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் ஓடிவந்து, வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேருக்கும் கலங்கல் தண்ணீரைக் காட்டினார். மரியாதைக்கு எல்லோரும் பார்த்தார்கள்.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இது கண்ணாடித் தம்ளர். அவள் உடம்பு தம்ளரில்லை. மருந்து ஒரேயடியாக வெளியே வந்தால் அவளுக்கு உயிர் போய்விடும். வேண்டாம்" என்றார். அண்ணாச்சி தலையாட்டினார்.

ஆனால் உடம்பு ஜெல்லியை ஏற்றுக்கொள்ளுமா என்று மட்டும் பார்த்துவிட வேண்டுமென்று, மருந்தில்லாத துண்டு ஒன்றைத் தன் தொடையைக் கீறி உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டார். அடுத்தவருக்கு ஊசி போட நடுங்குகிற மனிதர் இதை என்னிடம்கூடச் சொல்லாமல் செய்தார். மூன்றாம் நாள் தொடை வீங்கிச் சீழ் பிடித்தது. நெருப்பாகக் காய்ச்சல். டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்.

மாலையில் பாக்கியம் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து, கொதிக்கவைத்த சிரிஞ்சை எடுத்தார். மருந்தைச் சரியாக இழுத்துவிட்டார். குத்த முடியவில்லை.

"எதுக்குய்யா இப்படிச் செஞ்சிய?" என்றாள் பாக்கியம்.

"நீ மல ஏறாம இருக்கணும்னுதாந் தாயி."

அவள் கையை நீட்டினாள். "குடுங்க. நானே போட்டுக்கிடுதேன். மூணு வருசமாப் பாத்துட்டுத்தான இருக்கேன்." சேலையை ஒதுக்கி, தொடையில் ஊசியை இறக்கி, மருந்தைச் செலுத்தி, சிரிஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முகம் சுளிக்கவில்லை. எட்டு மாதமாக எங்கள் யாருக்கும் தோன்றாதது அது.

இரவே வந்த டாக்டர் சீழை எடுத்துக் கட்டுப்போட்டு, அண்ணாச்சியை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு, அளவு தவறாதபடி பாக்கியத்துக்குச் சொல்லிக்கொடுத்து, சிரிஞ்சையும் மருந்தையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ள அனுமதித்தார்.

புது சிரிஞ்சு வரும்வரை பத்து நாள் அவள் மேலே வந்தே போட்டுக்கொண்டாள். அது வந்ததும் அவற்றைக் கொடுக்க அண்ணாச்சி தானே கிளம்பினார். அவள் வரும்போது கொடுத்தால் போதும் என்றேன். கேட்கவில்லை. நொண்டிக்கொண்டே என் தோளைப் பிடித்து இறங்கினார். ஏலக்காட்டில் அப்போதுதான் மழை விட்டிருந்தது.

"அப்ப ஜெல்லிய விட்டாச்சா அண்ணாச்சி?"

"எப்படிவே விடுறது? இப்பவும் நாளைக்கு ரெண்டு தடவ அவளுக்கு வலிக்கத்தான செய்யும்."

என் தோளில் அவர் பாரம் முழுவதும் இருந்தது. கீழ் லயம் சீக்கிரம் வந்துவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே மெதுவாக நடந்தேன்.