கரண்ட் இருக்கு

மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் சுவிட்சைப் போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிப்பான். முழுக்கத் தெரிந்தவனும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் அரைகுறையாகத் தெரிந்த ஒரு கூட்டம் உண்டு. பயமெல்லாம் அவர்களுக்குத்தான். நான் தென்காசியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவன்.

என் மனைவியின் ஒரே தம்பி இசக்கி, ஐந்தருவி போகிற வழியில் ஒரு தோப்புக் குளத்தில் படகு விடுகிறான். படகுகள் என்று எழுத ஆசைதான். இருந்தது ஒன்றே ஒன்று, நாலு பேர் உட்காரும் ஃபைபர் படகு. அந்த வருஷம் சீசன் ஏமாற்றிவிட்டது. சாரல் இல்லை, அருவியில் தண்ணீர் நூலாக விழுந்தது. வந்தவர்கள் எல்லாம் குளத்துக்கு வந்து வியர்த்தார்கள்.

"தண்ணிக்கு நடுவுல வச்சு கூலிங்கா சர்பத் குடுத்தா எப்படி இருக்கும் அத்தான்? ஒரு ஐஸ்பெட்டி வாங்கிப் போட்டா போதும்லா" என்றான் இசக்கி.

அதோடு விட்டிருக்கலாம். "ஐஸ்பெட்டி என்னலே ஐஸ்பெட்டி? ஃப்ரிட்ஜே வச்சிருவோம். நான் இருக்கேம்லா" என்றேன். (இந்த 'நான் இருக்கேம்லா' என் வாயிலிருந்து வந்த பிறகு எந்தக் காரியமும் இதுவரை உருப்பட்டதில்லை.)

வடகரையில் மாமனார் கடையில் சும்மா கிடந்த குட்டி ஃப்ரிட்ஜ் வந்தது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கழற்றினேன். மனைவி செல்வி வாசலை மறித்து நின்றாள்.

"ஏங்க, தண்ணிக்குள்ள கரண்டைக் கொண்டு போறிய. எந்தம்பிக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டுப் பக்கம் வந்துராதிய."

"தியரி தெரிஞ்சவன் நான் கூடவே போறேன். அவனுக்கு என்ன ஆகப் போகுது?"

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம். படகின் ஒரு முனையில் துடுப்போடு இசக்கி, நடுவில் ஃப்ரிட்ஜ், மறுமுனையில் பேட்டரி, இன்வெர்ட்டர், நான். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளி. எனக்கு நீச்சல் தெரியாது என்பது அன்றைக்கு இரண்டாவது கவலையாகத்தான் இருந்தது. கரையில் செல்வி, மாமனார், பத்துப் பதினைந்து டூரிஸ்ட்டுகள்.

நடுக்குளத்தில் சுவிட்சைப் போட்டேன். ஃப்ரிட்ஜ் 'கிர்ர்' என்று உறுமி அடங்கியது. இன்வெர்ட்டர் 'பீப் பீப்' என்றது. ஏதோ வேலை ஆரம்பித்துவிட்டதாகச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது பார்த்து, ஒரு மாதமாக எட்டிப் பார்க்காத சாரல் வந்தது. கூடவே காற்று. படகு ஆடியது, ஃப்ரிட்ஜ் சாய்ந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இன்வெர்ட்டர் நனைந்தது, இசக்கி நனைந்தான், என் பாதத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கியது. நனைந்த உடம்பின் மின்தடை எவ்வளவு குறையும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். பாடம் ஞாபகம் வரக் கூடாத இடத்தில் வரிவரியாக ஞாபகம் வந்தது. இரண்டு காலையும் தூக்கிப் பலகை மேல் வைத்துக்கொண்டேன்.

அப்படியே எவ்வளவு நேரம் ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டிருந்தேனோ, திடீரென்று வலது கையில் சுர்ரென்றது. விரலிலிருந்து முழங்கை வரை ஆயிரம் ஊசி. கையை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. கரண்ட் பிடித்துவிட்டது. முடிந்தது கதை.

"அத்தான், ஏன் காலைத் தூக்கிட்டு இருக்கிய?" இசக்கி எழுந்து வந்தான். வெறுங்கால். ஈரக் கை.

சாகிற பயத்தை விட அது பெரிய பயமாக இருந்தது. என்னைத் தொட்டால் அவனும் போய்விடுவான். செல்வியின் ஒரே தம்பி. "தொடாதலே, கிட்ட வராத" என்று கத்தினேன். அவன் இன்னும் வேகமாக வந்தான். கரையிலிருந்தாவது யாராவது அவனைத் தடுக்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து கூவினேன். "கரண்ட் இருக்கு... கரண்ட் இருக்கு..."

கரையில் எல்லோரும் கை தட்டினார்கள். மாமனார் துண்டைத் தூக்கிச் சுழற்றினார். ஒருவர் இரண்டு சர்பத் சொன்னார்.

நம் ஊரில் கரண்ட் இருக்கு என்றால் நல்ல செய்தி. அதை யாரும் உதவிக்கு அழைப்பதாக எடுத்துக்கொண்டதில்லை.

இசக்கிக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்து விளங்கிவிட்டது. ஷாக் அடித்தவனைக் கையால் தொடக் கூடாது, கட்டையால் அடித்துப் பிரிக்க வேண்டும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் துடுப்பை ஓங்கினான்.

ஒரே அடி. கை விடுபட்டது. நான் படகுத் தண்ணீரில் மல்லாந்து விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, செல்வியிடம் இதை யார் சொல்வார்கள் என்று யோசித்தேன்.

ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் இசக்கி ஈரக் கையோடு ஃப்ரிட்ஜுக்குள் துழாவிக்கொண்டிருந்தான். எனக்கு உயிர் போய் வந்தது.

"அத்தான், உள்ள லைட்டே எரியல. சர்பத்து வெதுவெதுன்னு கெடக்கு. இது அப்பமே நின்னு போச்சு."

அந்தக் குட்டி இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜின் முதல் இழுப்பையே தாங்காமல் அணைந்திருக்கிறது. 'பீப் பீப்' என்றது அதைத்தான் சொல்லியிருக்கிறது.

"அப்போ என் கையில சுர்ருன்னது என்னதுலே?"

அவன் என் கையைத் தூக்கிப் பார்த்தான். "இம்புட்டு நேரம் இறுக்கிப் பிடிச்சா கை மரத்துப் போவாதா?"

கரை சேர்ந்ததும் செல்வி தம்பியைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தாள். பிறகு வீங்கியிருந்த என் கையைப் பார்த்தாள். "கரண்ட் அடிச்சிட்டா?"

"இல்ல, ஒந்தம்பி அடிச்சான்."

மறுநாள் அந்தக் கையோடு வகுப்புக்குப் போனேன். அதை விடுங்கள்.

இப்போதும் எங்கள் வீட்டில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், "கரண்ட் இருக்கு" என்று மாமனார் குரல் கொடுப்பார். உடனே சோபாவில் இருக்கிற பெண்டு பிள்ளைகள் அத்தனை பேரும் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொள்வார்கள். நானும் தூக்குவேன். அவர்களெல்லாம் விளையாட்டுக்கு.