என் இரண்டு வரியும் டிரான்ஸ்லேட்டர் அண்ணாச்சியும்

பத்திரிகையில் எழுதுகிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன். எழுத வந்ததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் ஒரு வரியைப் பத்து நிமிஷம் மொழிபெயர்க்கத் தெரிந்தவர் திருவனந்தபுரத்தில் ஒருவர்தான். அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை.

டிரான்ஸ்லேட்டர் அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். மலையாளம் தெரியாத தமிழ்க் கூலியாட்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அவர்களுக்காக டாக்டரிடம் பேசுவது அவர் பிழைப்பு. வயிற்றுவலி என்று போனவர், இவர் பேசி முடித்ததும் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சீட்டோடு வெளியே வருவார்.

"வெறும் வலின்னு சொன்னா டாக்டர் நிமிந்தே பாக்க மாட்டாருவே. கொஞ்சம் உசுரு குடுத்துச் சொல்லணும்" என்பார்.

எனக்குச் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடை குடோனில் கம்பி எடை போடும் வேலை. அந்த நாளில் நான் குடிப்பதும் அதே குடோனில்தான். இனிமேல் குடித்துவிட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்று வள்ளியூரில் இருக்கும் மனைவி சொல்லிவிட்டாள். ஒரு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹால், புதன்கிழமை மாலை ஆறு மணி, குடியை விட நினைக்கிறவர்களின் கூட்டம்.

ஹாலுக்குப் போர்டு கிடையாது. யாரிடம், என்னவென்று கேட்பது? எதிரே பேக்கரியில் மூன்றாவது டீயோடு நின்றேன். கக்கத்தில் குடை இடுக்கிய ஒரு குள்ளமான மனிதர் என் கைச்சீட்டை எட்டிப் பார்த்தார். அவர்தான் டிரான்ஸ்லேட்டர் அண்ணாச்சி.

"குடி நிறுத்துத எடந்தானவே? வாரும், நானும் அங்கதான்!"

பப்ஸ் தின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் ஹாலுக்குள் ஓடினேன்.

உள்ளே வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலி. பெயரைச் சொல்லி, குடிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லி, பிறகு மனதில் உள்ளதை மலையாளத்தில் பேச வேண்டும். என் முறை வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. தப்பிக்க ஒரு பொய் சொன்னேன்: எனக்கு மலையாளம் தெரியாது. உண்மையில், நாலு வருஷத்தில் ஒரு வார்த்தை விடாமல் புரிய ஆரம்பித்திருந்தது.

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். "அதுக்கென்ன, நீரு தமிழ்ல சொல்லும். பாக்கி ஞான் பறஞ்சோளாம்!" மீதியை அவர் சொல்லிக்கொள்வாராம்.

"பேரு முருகன். ரெண்டு நாளாச்சு" என்றேன்.

அண்ணாச்சி பத்து நிமிஷம் பேசினார். நான் ஒரு நாள் போதையில் ஆம்புலன்சில் லிப்ட் கேட்டு, பின்னால் படுத்துத் தூங்கிவிட்டேனாம். வாசலில் இறக்கியபோது வீட்டில் மாரடித்து அழுதார்களாம். யார் செத்தது என்று கேட்டு, நானும் சேர்ந்து அழுதேனாம். ஹால் குலுங்கியது. நானோ குடித்தால் சத்தமில்லாமல் தூங்கிவிடுகிறவன். ஆம்புலன்சில் ஏறியதே இல்லை.

இப்படியே வாரா வாரம் என் இரண்டு வரி, அவருடைய பத்து நிமிஷம். அவர் முறை வரும்போது மட்டும் "நாலு வருஷமாச்சு, பரம சுகம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். போகப்போக என் கதையில் சிரிப்பு குறைந்தது. மகள் கல்யாணப் பந்தியில் இலைமேல் விழுந்தேன் என்றார். அன்றிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் கை தன் சட்டைப்பையில் இருந்த போனைத் தடவியது. எனக்கு இருப்பது இரண்டு பையன்கள். இது யாருடைய கதை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

எட்டாவது புதன்கிழமை நான் சொன்னேன்: "அம்பத்தோரு நாளாச்சு. நல்லாருக்கேன்."

அண்ணாச்சி குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். பிறகு மலையாளத்தில், "சொன்ன நாளெல்லாம் கள்ளமாணு. இன்னலெயும் குடிச்சு" என்றார். சொன்ன நாளெல்லாம் பொய்; நேற்றும் குடித்தேன்.

அந்தக் கூட்டத்தில், மறுபடி குடித்து வழுக்கியவன் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அவனுக்கு ஒரு வெள்ளை வில்லை கொடுப்பார்கள். பத்து வருஷம் குடிக்காதவருக்குக் கிடைப்பதைவிட அதற்குத்தான் கைதட்டல் பலமாக இருக்கும். கூட்டம் நடத்தும் பெரியவர் வில்லையை என் பக்கம் நீட்டினார். "சாரமில்ல முருகா, வா." பரவாயில்லை, வா என்கிறார்.

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனைவியிடம் சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்ததே அந்த ஐம்பத்தோரு நாள்தான். அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். எல்லோரும் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் வில்லையை அவர் சட்டைப்பையில் போட்டேன்.

"அண்ணாச்சி, இது ஒங்களுக்கு உள்ளது."

"என்னவே ஒளறுதீரு?"

"எனிக்கு மலயாளம் அறியாம்" என்றேன். எனக்கு மலையாளம் தெரியும் என்பதை அவரிடம் மலையாளத்திலேயே சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது. "எப்பத்திலேருந்துவே?"

"மொத நாள்லேருந்தே."

"அப்பம் அந்த ஆம்புலன்சு?"

"கேட்டேன் அண்ணாச்சி. ரொம்ப நல்லாருந்துது."

சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் அது அழுகையாகிவிட்டது. "உம்ம அம்பத்தோரு நாளப் பறிச்சிட்டனவே. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"நான் குடிக்கலேன்னு எனக்குத் தெரியும்லா. அது போதும்."

அவர் பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வியாழன். காலையிலிருந்து மழை. மத்தியானம் போன் செய்து, இன்று குடிக்கவில்லை என்றார். நானும் இல்லை என்றேன். பிறகு கம்பி எடை போடப் போனேன்.