பதினாலாயிரம் கிலோமீட்டருக்குக் கிளீனர் இல்லை

ராசிபுரத்திலிருந்து சொர்க்கம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால்கூட, வழியில் டீ எங்கே நன்றாயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் மைலேஜ்தான். முப்பது வருஷம் லாரி ஓட்டியதில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. அவர் பெண்ணை என் மகனுக்குக் கட்டியதில் எனக்குச் சம்பந்தியாகிவிட்டார். இனித் தப்ப வழியில்லை.

மருமகள் அமெரிக்காவில் நிறைமாதம். தாயில்லாத பெண். "அப்பா, பிரசவத்துக்கு நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்" என்று போனில் அழுதுவிட்டாள். மைலேஜுக்கோ தான் ஓட்டாத வண்டியில் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் அரிக்கும். டவுன் பஸ்ஸில்கூட டிரைவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "கியரை மாத்து சாமி" என்று உயிரை வாங்குகிறவர்.

"பெங்களூரு டூ சான் பிரான்சிஸ்கோ பதினாலாயிரம் கிலோமீட்டருங்க சம்பந்தியம்மா. லாரின்னா ஒரு மாசம்."

"நடுவுல கடல் இருக்குதுங்களே?"

"அதை உடுங்க. போறதுக்குப் பதினாறு மணி நேரம். வாரதுக்குப் பதினேழுங்கறான். ஏன்னு தெரியுதுங்களா? வாரப்ப லோடு!"

எதிர்க்காற்று என்று அங்கிருந்து என் மகன் போனில் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

துணைக்கு நானும் கிளம்பினேன். ஏர்போர்ட்டில் கண்ணாடியோரமாக நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். "ஒருத்தனும் டயரைத் தட்டிப் பாக்கலீங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"பெத்துக்கறது உங்க புள்ளைங்க. அவ கேட்டது உங்களை. நடங்க!"

ஏறியதும் பணிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"டிரைவரு எத்தனை பேரும்மா?"

"நாலு பேர் சார்."

"கிளீனரு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

லாரியில் டிரைவர் கண்ணயராமல் இருக்க ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவது கிளீனர் வேலை. இங்கே அப்படி ஆளே இல்லை என்றதும் மைலேஜ் முகம் வெளுத்துவிட்டது. "நான் போயிப் பேசறனுங்க" என்று இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினார்கள்.

பிறகு சீட்டிலிருந்தே முன்பக்கம் பார்த்துப் பேச ஆரம்பித்தார். தொப்பூர் இறக்கம், பிரேக் பிடிக்காத மழைநாள், நாக்பூர் ஆரஞ்சு லோடு. விமானமே தூங்கியது. இவர் மட்டும் ஓயவில்லை.

"டிரைவருக்குக் கேக்காதுங்க" என்றேன்.

"தெரியுமுங்க. ஆனா, வண்டியில ஒருத்தராச்சும் பேசிக்கிட்டு இருக்கோணும். அங்க எம்புள்ள காத்திருக்குது."

கண்கள் சிவந்திருந்தன. எனக்குக் கேலி வரவில்லை.

"கொஞ்சம் கண்ணை மூடுங்க. நான் பேசறேன்."

"நிறுத்த மாட்டீங்களே?"

"நானா? நிறுத்துவனா?"

அடுத்த நிமிஷம் குறட்டை. என் கல்யாணத்தில் பந்தி பற்றாமல் போனது முதல் கோழிப்பண்ணை ஈத்தொல்லை வரை, முகம் தெரியாத அந்த டிரைவருக்கு ஏழு மணி நேரம் சொன்னேன்.

சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட் வாசலில் வயிற்றைத் தாங்கியபடி மருமகள் நின்றாள். "அப்பா, தூங்குனீங்களா?"

"பொட்டுக்கூட கண்ணு மூடல சாமி! உன்னை நெனச்சு முழிச்சே வந்தேன்."

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டை கட்டிச் சத்தமே வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.